ஒன்பது மில்லிமீட்டர்

அந்த ஈயக்கட்டியை நான் உருக்கியிருக்கக் கூடாது. மூன்று வருடம் ஆகிவிட்டது. படகு இப்போது நன்றாகத்தான் மிதக்கிறது, பார்க்க வருகிறவர்கள் யாருக்கும் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனாலும் ஒரு பழைய மாதிரிப் படகை மேசையில் கிடத்தித் திருப்புளியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மனதில் வந்து நிற்கிறது. பழைய படகுகளைச் சீர்செய்வது என்றால் என்ன என்று அதுவரை நான் வைத்திருந்த எண்ணம் அன்றைக்கு உடைந்துபோனது.

படகு ஒரு நண்பர் மூலம் வந்தது. அவருடைய உறவினர்கள் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்ததாம். யார் செய்தது, எப்போது செய்தது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. 70 சென்டிமீட்டர் நீளம், ஒற்றைப் பாய்மரம், மீன்பிடிப் படகின் தோற்றம். தளத்தின் மேலிருந்த சிறு அறையின் கதவு 11 சென்டிமீட்டர் உயரம். ஓர் ஆள் தலை இடிக்காமல் நுழைய வேண்டிய கதவு அது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1:16 என்று, அதாவது நிஜப் படகின் பதினாறில் ஒரு பங்கு என்று வருகிறது. அலமாரியில் நிறுத்திவைத்து அழகு பார்க்க மட்டும் செய்யப்பட்டதல்ல. சுக்கானைத் திருப்பும் தண்டு தேய்ந்திருந்தது, படகின் அடிமரமான ஏராவின் அடியில் சரளைக்கல் உரசிய கீறல்கள் இருந்தன. தண்ணீரில் பலமுறை விட்டு விளையாடிய படகு.

பாய் மக்கிப்போயிருந்தது. கயிறுகள் தொட்டால் தூளாயின. பாய்மரத்தின் நுனி முறிந்திருந்தது. ஆனால் உடல் இருந்ததே, அதை மட்டும் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. விலா எலும்புகள்போல நிற்கும் வங்குகளின் மேல் ஒவ்வொரு பலகையாகப் பொருத்தி எழுப்பிய உடல் அது. இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். படகின் வயிற்றுப் பகுதியில் சுற்றளவு அதிகம், முன்முனையான அணியத்தை நோக்கிப் போகப் போகக் குறைவு. ஆகவே ஒரே அகலமுள்ள பலகைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு போனால் முன்பக்கத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஒவ்வொரு பலகையையும் நுனியில் இழைத்துக் குறுக்க வேண்டும், எவ்வளவு குறுக்குவது என்பது பலகைக்குப் பலகை மாறும். இதைச் செய்தவர் நடுவில் 6 மில்லிமீட்டர் அகலமிருந்த பலகையை அணியத்தில் 3 மில்லிமீட்டருக்கு இழைத்திருந்தார். ஒவ்வொரு வங்கிலும் இரண்டு பித்தளை ஊசி, ஒன்று மேலாக, ஒன்று கீழாக. முன்னிருந்து பின்வரை அந்த ஜோடிகள் தையல் போட்டதுபோல ஒரே கோட்டில் ஓடின. கை தேர்ந்தவர். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் நான் செய்ததுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

உருக்கிய நாள்

அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு படகுகள் கட்டியிருந்தேன். எல்லாம் வரைபடம் வைத்துக் கட்டியவை. வரைபடம் கையில் இருந்தால் சரி எது, தவறு எது என்பதில் சந்தேகமே வராது. கோட்டில் உட்கார்ந்தால் சரி, விலகினால் தவறு, அவ்வளவுதான். பழைய படகு ஒன்றைச் சீர்செய்ய எடுத்தபோதும் அதே மனதோடுதான் எடுத்தேன். அதற்கும் எங்கோ ஒரு வரைபடம் இருக்கிறது, செய்தவர் அங்கங்கே அதிலிருந்து விலகியிருக்கிறார், அவரை மறுபடி கோட்டுக்குக் கொண்டுவருவது என் வேலை. இப்படி வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. கை அப்படித்தான் நடந்துகொண்டது.

முதல் இரண்டு மாதம் நல்லபடியாகவே போனது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் காய்ந்த உப்புத்தாள் போடாமல் தண்ணீர் தொட்டே தேய்த்தேன். ஓரிடத்தில் நகத்தளவு சதுரம் ஒன்றை மட்டும் அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்ததில் மேலே பச்சை, அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் இன்னொரு பச்சை தெரிந்தது. மேலறையை அவர் வச்சிரம் என்ற பழைய தச்சுப் பசையைக் காய்ச்சி ஒட்டியிருந்தார். வச்சிரத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் வைத்திருந்தால் பிடி விட்டுவிடும், மரத்துக்கு ஒரு சேதமும் வராது. இன்றைய எப்பாக்சிப் பசையில் ஒட்டியதை மரத்துக்குச் சேதம் வராமல் பிரிப்பது மிகவும் கடினம். முறிந்த பாய்மரத்தைச் சாய்வாக வெட்டி, புது மரத்தையும் அதே சாய்வில் வெட்டிச் சேர்த்தேன். கயிறுகளுக்குப் பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்தேன். பாதிக்குமேல் அவருடைய வேலையை ரசித்துக்கொண்டே செய்த வேலை அது.

பிறகு தளத்தின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். அடியில், ஏராவின் மேல், பாரத்துக்காக வைத்த காரீயக்கட்டி. மேலெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மூடிய இடத்தில் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி பட்டு ஈயம் இப்படிக் கார்பனேட்டாக மாறும். மாதிரிக் கப்பல்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இது பெரிய தலைவலி. ஈயத்தில் வார்த்த குட்டிப் பீரங்கிகளும் நங்கூரங்களும் பெட்டிக்குள்ளேயே பொடியாகிவிடுகின்றன. அந்தப் பொடி விஷம். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு கட்டியைக் கழற்றினேன். எடை 1,100 கிராம். இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்.

கட்டி நடுவில் இல்லை. அணியத்திலிருந்து கடைக்கோடிவரை ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். கட்டியின் மையம் வலப்பக்கமாக 9 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. கட்டியின் வடிவமும் ஒழுங்காக இல்லை. ஒரு விளிம்பு முழுக்கக் கத்தியால் சீவியதுபோல மேடும் பள்ளமுமாக இருந்தது. இன்னும் ஒன்றையும் பார்த்தேன். நூலுக்கு நேர் கீழே, சரியாக நடுவில், இரண்டு வட்டமான மர அடைப்புகள். முன்பு அங்கே துளை போட்டு, பிறகு மரக்குச்சியைச் செருகி, மட்டமாக இழைத்து மூடியிருக்கிறார். நிறமும் இழையோட்டமும் பக்கத்து மரத்தோடு அப்படிப் பொருந்தியிருந்தன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் வட்டம் தெரிந்தது. முதலில் சரியான இடத்தில் துளைத்தவர் பிறகு ஏதோ குழப்பத்தில் இடம் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திறந்த வெளியில் அடுப்பு மூட்டி, கட்டியை உருக்கினேன். ஈயம் 327 டிகிரியில் உருகும். அச்சில் துளி ஈரம் இருந்தாலும் ஆவி வெடித்து உருகிய ஈயம் தெறிக்கும் என்பதால் அச்சை இரண்டு நாள் காயவைத்திருந்தேன். எல்லா ஜாக்கிரதையும் இருந்தது. கசடு போனது போக, எடை குறையாமலிருக்கக் கொஞ்சம் புது ஈயம் சேர்த்தேன். பளபளவென்று, நான்கு பக்கமும் நேராக, ஒரு புதுக் கட்டி கிடைத்தது. அவருடைய துளைகளில் குச்சி அடித்து அடைத்தேன். நடுவிலிருந்த பழைய அடைப்புகளின் மேலேயே துளையிட்டுப் புதுக்கட்டியை முடுக்கினேன். நூலுக்கு அடியில் அது மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

தொட்டியில்

பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் படகை இறக்கினேன். கையை எடுத்ததும் படகு நிதானமாக இடப்பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது. தொங்கு நூலை வைத்து அளந்தால் ஏழு டிகிரி.

முதலில் தண்ணீர் ஏறுகிறதோ என்று பார்த்தேன். உள்ளே ஈரமில்லை. பாய்மரத்தைக் கழற்றினேன். அப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது. மேலறையை நகர்த்தி ஒட்டிவிட்டேனோ என்று அளந்தேன், அதுவும் நடுவில்தான் இருந்தது. கடைசியில்தான் முதலில் அளந்திருக்க வேண்டியதை அளந்தேன். படகைத் தலைகீழாகக் கவிழ்த்து, வயிற்றின் அகலமான இடத்தில், வலப்பக்க வளைவுக்கு அட்டையில் ஒரு வார்ப்புரு வெட்டினேன். இழை இழையாகச் சீவி, அட்டைக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் நுழையாத வரைக்கும் பொருத்தினேன். பிறகு அதே அட்டையைத் திருப்பி இடப்பக்கத்தில் வைத்தேன். மறுபுறத்தில் விளக்கு. அட்டைக்கும் பலகைக்கும் நடுவே பிறைபோல ஒரு வெளிச்சம், மேலே தடித்து, ஏராவை நோக்கி மெலிந்து. ஏரா முதல் வெளிவிளிம்புவரை வலப்பக்கம் 99 மில்லிமீட்டர், இடப்பக்கம் 93.

உடலே ஒருபுறம் பெருத்திருக்கிறது. பலகை ஒட்டும்போது ஒரு பக்கத்தை மளமளவென்று முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டம் அந்த இழுப்புக்கு இணங்கிக் கொடுத்துவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டச் சொல்வார்கள். அவருக்கும் அப்படித்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பெருத்த பக்கம் தண்ணீரை அதிகம் தள்ளுகிறது, ஆகவே அதிகம் தூக்கப்படுகிறது. படகைத் தூக்கும் விசையின் மையம் ஏராவுக்கு நேராக இல்லாமல் வலப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் போல நகர்ந்துவிட்டது. அதற்கு ஈடாக எடையின் மையமும் வலப்பக்கம் நகர்ந்தால்தான் படகு நேராக நிற்கும். படகின் மொத்த எடை 3.2 கிலோ. அதில் 1.1 கிலோவை 9 மில்லிமீட்டர் தள்ளிவைத்தால் மொத்தப் படகின் எடை மையம் எவ்வளவு நகரும் என்று பெருக்கி வகுத்துப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர்.

தாளில் அந்த எண்ணைப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. அவர் முதலில் என்னைப்போலவே நடுவில்தான் வைத்திருக்கிறார். தண்ணீரில் இறக்கியிருக்கிறார். இதே இடப்பக்கமாக, இதே ஏழு டிகிரிக்குப் படகு சாய்ந்திருக்கும். பலகை ஒட்டி, ஊசி அடித்து, வண்ணம் பூசி முடித்த உடலைப் பிரிக்க முடியாது. ஆகவே கட்டியைக் கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்து, நேராக நின்ற இடத்தில் முடுக்கிவிட்டு, பழைய துளைகளை அத்தனை நேர்த்தியாக மூடியிருக்கிறார். அந்த இரண்டு வட்டங்களும் எனக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அவற்றின் மேலேயே துளை போட்டேன்.

வேலை தொடங்குமுன் வழக்கமாக எடுக்கும் படங்களில் பழைய கட்டியின் படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கத்தியால் சீவியிருந்தது ஒரே ஒரு விளிம்பில், இடப்பக்க விளிம்பில் மட்டும். வார்ப்பில் வந்த கோளாறு அல்ல. தண்ணீரில் வைத்துப் பார்த்து, எடுத்து, ஒரு சீவல் சீவி, மறுபடி வைத்துப் பார்த்திருக்கிறார். படத்தில் எண்ண முடிந்தவரை பதினான்கு வெட்டு. பெயர் தெரியாத ஒருவர் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அந்தப் பதினான்கு வெட்டுகளில் இருந்தது. அடுப்பில் அது போய்ச்சேர ஐந்து நிமிடம் ஆகவில்லை.

இரண்டு அளவுகோல்கள்

கப்பல் மாதிரி கட்டுகிறவர்களில் வாசாவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 1628 ஆகஸ்டு 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணம் கிளம்பி, ஏறத்தாழ 1,300 மீட்டர்கூடப் போகாமல் கவிழ்ந்த போர்க்கப்பல். முன்னதாக முப்பது பேரைத் தளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு நிறுத்திவிட்டார்கள். 1961இல் அதைக் கடலடியிலிருந்து மேலே கொண்டுவந்த பிறகு உள்ளே தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டில் அடி என்பது 12 அங்குல ஸ்வீடிஷ் அடி, மற்ற இரண்டில் 11 அங்குல ஆம்ஸ்டர்டாம் அடி. கப்பலின் மரங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்ததில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கனமாகக் கட்டப்பட்டிருப்பதும் தெரியவந்தது. கப்பல் கவிழ்ந்ததற்கு முதல் காரணம் மேல்பாரம்தான். ஆனால் அந்த இரண்டு வகை அளவுகோல்களை முன்பு எத்தனையோ தடவை ஒரு விநோதச் செய்தியாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். என் மேசையில் 99க்கும் 93க்கும் நடுவே ஒரு பிறை வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அப்படித் தாண்ட முடியவில்லை. அந்தக் கப்பலின் மாதிரியைக் கட்டுகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலத்தான் கட்டுகிறோம். வரைபடம் பாதிதான் வரைந்திருக்கும், மறுபாதி அதன் பிம்பம்.

கடலில் ஓடும் படகோடு ஒப்பிட்டால் என் கதை சின்னது என்று தோன்றலாம். 1:16 மாதிரியில் எடை 16இன் கனமாக, அதாவது 4,096 மடங்கு குறையும். வேகம் 16இன் வர்க்கமூலத்தில், நான்கில் ஒன்றாக ஓடினால்தான் அலை சரியான வடிவில் எழும். ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1872இல் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டி மாதிரிகளை இழுத்துச் சோதித்தது இந்த விதியை நம்பித்தான். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், என் மேசைக்கு வந்த படகைக் கட்டியவர் செய்தது ஒரு பதின்மூன்று டன் படகில் நாலரை டன் ஈயத்தை 14 சென்டிமீட்டர் நகர்த்திவைத்ததற்குச் சமம். நிஜப் படகில் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் 'ஏன்' என்று கேட்காமல் எவனும் அதைத் தொட்டிருக்க மாட்டான். மாதிரி என்பதால், செய்தவர் பொழுதுபோக்குக்காரர் என்பதால், நான் கேட்கவில்லை.

இப்படிக் கேட்காமல் போனவை உலகத்தில் எவ்வளவு இருக்கும் என்று யோசிக்கிறேன். மாதிரிப் படகு செய்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிரிட்டனில் சிறையிருந்த பிரெஞ்சு மாலுமிகள் தங்களுக்கு உணவில் வந்த எலும்புகளைச் சேர்த்து, இழைத்து, கப்பல்கள் செய்தார்கள். அவற்றில் நிறைய கப்பல்கள் அளவுக்குப் பொருந்தாது. பீரங்கி பெரிதாக இருக்கும், பாய்மரம் நீண்டிருக்கும். வரைபடம் இல்லாமல் ஞாபகத்திலிருந்து செய்தவை. அந்தப் பாய்மரத்தைச் சரியான அளவுக்கு வெட்டினால் கப்பல் சரியாகிவிடும், செய்த ஆள் காணாமல் போய்விடுவான். எகிப்தில் மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையை 1920இல் திறந்தபோது, ஏறத்தாழ நாலாயிரம் வருடம் பழைய 24 மர மாதிரிகள் கிடைத்தன. துடுப்புக்காரர்களோடு படகுகள், சமையல் படகு, மீன்பிடிப் படகுகள். அவற்றைத் தூக்கிவந்து வைத்தவர்களின் விரல் தடங்கள் இன்னும் பூச்சின் மேல் இருந்ததாக, அகழ்ந்த வின்லாக் எழுதியிருக்கிறார். அதைச் சுத்தம் செய்யத் துணி எடுத்து நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

இதற்காக, பழையது எதையும் தொடவே கூடாது என்கிறவர்களோடு நான் சேரவில்லை. ஓடுவதற்காகச் செய்த படகு ஓட வேண்டும். மக்கிய பாயை அப்படியே விட்டுவைப்பதில் செய்தவருக்கு என்ன மரியாதை? அவர் இருந்திருந்தால் எப்போதோ மாற்றியிருப்பார். ஆனால் கெட்டுப்போனது வேறு, ஒருவர் முடிவெடுத்துச் செய்தது வேறு. முன்னதை மாற்றலாம். பின்னது கோணலாகத் தெரிந்தால், தண்ணீரில் இறக்கிப் பார்க்காமல் கைவைக்கவே கூடாது என்பது இப்போது என் மேசையில் நடக்கும் முறை. பிரிக்க முடியாத பசை எதையும் பழைய மரத்தில் போடுவதில்லை. கழற்றிய பழைய பொருளை, பொடிப்பொடியாக இருந்தாலும், பெயரெழுதிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். புரியாத ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி. சில வரிகள் வருடக்கணக்கில் பதில் இல்லாமலே கிடக்கின்றன.

புதுக்கட்டியைத் திரும்ப நகர்த்தவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு காலையில் கழற்றி, முடுக்காமல் தளர்வாகவே வைத்து, படகைத் தொட்டியில் இறக்கினேன். ஒரு மில்லிமீட்டர் தள்ளினேன். சாய்வு கொஞ்சம் குறைந்தது. இன்னொன்று. தொங்கு நூல் அட்டையில் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி நடுக்கோட்டை நோக்கி வந்தது. எட்டில் ஒரு சின்ன மீதி. ஒன்பதில் நூல் நடுக்கோட்டின் மேல் வந்து நின்றது. பென்சிலால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, படகை எடுத்துத் துடைத்து, மேசையில் வைத்தேன். துளையிட வேண்டிய இடம், நான் குச்சி அடித்து அடைத்திருந்த அவருடைய பழைய துளைகளின் மேலேயே விழுந்தது. என் குச்சிகள் இரண்டையும் மெல்லிய துரப்பணத்தால் குடைந்து எடுத்தேன். அடியில் பழைய மரை இன்னும் கெடாமல் இருந்தது. திருகாணியை வைத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றியதுமே பிடித்துக்கொண்டது.